நூறு நாள் கூலி

வாசகர் கேள்விகளுக்குப் பசுமலை சிஸ்டர் பதில்கள்

லெந்து நாட்கள், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்கள், வந்தால் எனக்குக் கடிதம் கூடிவிடும். நாற்பது நாளும் மனசாட்சி கொஞ்சம் விழித்திருக்கும்போல. பதில்களுக்கு முன்னால் ஒரு விளக்கம். "உங்கள் மடத்துக்கு வந்து பார்க்கலாமா?" என்று இந்த மாதமும் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நான் கன்னியாஸ்திரி இல்லை. மதுரையில் முப்பத்தைந்து வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். வார்டில் கூப்பிட்ட 'சிஸ்டர்' ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மூன்று பேரப்பிள்ளைகள், இரண்டு முழங்கால் வலி, வாசலில் ஒரு முருங்கை. வரலாம், காபி கிடைக்கும், மடம் கிடையாது.

*

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மூன்று சென்ட்டில் ஒரு ஓட்டு வீடு. பேங்க் லோன் வாங்க வேண்டும் என்று சொல்லி, என் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் தம்பி என்னிடம் கையெழுத்து வாங்கினான். என் பங்குக்கு 3 லட்சம் தருகிறேன் என்றான். ஒன்றரை வருஷம் ஆகிறது, ஒரு ரூபாய் வரவில்லை. கேட்டால் "எப்பக்கா அப்படிச் சொன்னேன்?" என்கிறான். இப்போது அவன் மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எங்கள் சபை ஆயரிடம் சொன்னேன். "மன்னிச்சு மறந்துருங்கம்மா" என்றார். பரமண்டல ஜெபத்தில் மன்னிக்கிறதைப் பற்றிய அந்த வரி வரும்போது என் வாய் நின்றுவிடுகிறது. நான் கெட்ட கிறிஸ்தவளா?
(பெயர் வேண்டாம், உசிலம்பட்டி)

பதில்: வாய் நிற்கிறது என்றால் சொல்வது இன்னதென்று தெரிந்து சொல்கிறீர்கள் என்று அர்த்தம். நிற்காமல் ஓடுகிற வாய்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. என் வாயும் சேர்த்தி.

அந்த வரியைக் கொஞ்சம் பார்ப்போம். நம் பழைய மொழிபெயர்ப்பில் மத்தேயு 6:12 "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று இருக்கிறது. கத்தோலிக்க அக்கா தங்கச்சிமார் "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல" என்று சொல்வார்கள். இரண்டும் நல்ல தமிழ். ஆனால் உங்கள் வழக்குக்கு எனக்குக் 'கடன்' என்ற சொல்தான் பிடித்திருக்கிறது. கடன் என்றால் அதற்கு ஒரு தொகை உண்டு. கொடுத்தவர் உண்டு, வாங்கியவர் உண்டு. 'ஏதோ நடந்துபோச்சு' என்று மழுப்ப முடியாது.

மத்தேயு 18-இல் ஒரு கதை உங்களுக்குத் தெரியும். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன், அது மொத்தமும் தள்ளுபடியான கையோடு வெளியே போய், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் கழுத்தைப் பிடிக்கிறான். பிரசங்கத்தில் எப்போதும் "பெரிய கடன், சின்னக் கடன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் ஒருநாள் பேத்தியின் கால்குலேட்டரை வாங்கிக் கணக்குப் போட்டேன். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்துக்கு ஆறாயிரம் வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. ஒரு நாள் லீவு போடாமல் உழைத்தாலும் 1,60,000 வருஷத்துக்கு மேல் ஆகும். சரி, அது ராஜா கணக்கு. மற்றதைப் பாருங்கள். நூறு வெள்ளிப்பணம் என்பது நூறு நாள் கூலி! சித்தாள் கூலி 600 ரூபாய் என்று வைத்தால் 60,000 ரூபாய். சின்னக் கடனா அது? உசிலம்பட்டியில் 60,000 ரூபாய் சின்னக் காசு என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம். இயேசு அந்தக் கடனை ஒன்றுமில்லை என்று சொல்லவே இல்லை. நிஜமான காசு, நிஜமாக வர வேண்டிய காசு. அதைத்தான் விடச் சொல்கிறார்.

ஆகவே முதலில் எண்ண வேண்டும். நம் பக்கத்தில் மொய் நோட்டு இல்லாத வீடு உண்டா? இருபது வருஷத்துக்கு முந்தி யார் 51 எழுதினார், யார் 101 எழுதினார் என்று பரணில் தூங்குகிற நோட்டில் இருக்கும். கடனைத் தள்ளுகிறவருக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும். எழுதாத கணக்கை அடிக்க முடியாது. "பரவாயில்லப்பா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, கல்யாண வீட்டில் சாம்பார் பரிமாறுகிறவனிடம் எரிந்து விழுவோம். நான் விழுந்திருக்கிறேன்.

'மறந்துருங்க' என்று ஆயர் சொன்னது பற்றி. "பொறுத்தல் இறப்பினை என்றும் அதனை மறத்தல் அதனினும் நன்று" என்று சொன்னவர் வள்ளுவர். பெரியவர், மறுக்க மாட்டேன். ஆனால் இயேசு மறக்கச் சொன்ன இடத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னது வேறு: உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து. மத்தேயு 18:15. கதைக்குச் சற்று மேலே, அதே அதிகாரத்தில் இருக்கிறது. வேகமாகப் படிக்கிறவர்கள் தாண்டிவிடுவார்கள். ஆகவே கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் தம்பியைத் தனியாகப் பாருங்கள். மாமியார், மச்சான், பஞ்சாயத்து யாரும் வேண்டாம். "நீ இந்த மாசத்தில், இந்த இடத்தில் வைத்து, 3 லட்சம் என்று சொன்னாய். நான் கையெழுத்துப் போட்டேன். நீ தரவில்லை." இந்த மூன்று வாக்கியம் போதும். அழ வேண்டாம். அழுகை வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொல்லுங்கள்.

இன்னொன்று, இதை ஆயர் சொல்லியிருக்க மாட்டார். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன்படி, உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. நீங்கள் பிச்சை கேட்கவில்லை. ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கு, விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷம்தான் காலவரம்பு. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை. மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் வருஷச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று நான் சொல்ல மாட்டேன். போட்டால் மன்னிக்காதவள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அவ்வளவுதான். உரிமை கையில் இருக்கிறவள் விட்டுக்கொடுப்பது ஒன்று. வேறு வழியில்லாமல் பேசாமல் இருப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டு நம் பெண்களை நிறைய ஏமாற்றியிருக்கிறோம்.

கல்யாணத்துக்குப் போங்கள். அந்தப் பிள்ளை உங்களிடம் கடன் வாங்கவில்லை, நீங்கள் அவளுக்கு அத்தை. நல்ல சேலை கட்டிக்கொண்டு போய், வழக்கமாக எழுதுகிற மொய்யை எழுதுங்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். கூட்டி எழுதினால் அது தம்பிக்கு விடுகிற குத்து.

*

கேள்வி: எங்கள் கோயில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் என் அப்பா ஒரு பூசணிக்காயை 4,500 ரூபாய்க்கு எடுத்தார். வீட்டில் ஃபீஸ் கட்டக் காசு இல்லை என்கிறார். இது காணிக்கையா, பெருமையா?
(கல்லூரி மாணவன், திருமங்கலம்)

பதில்: மைக்கில் அப்பா பேரைச் சொன்னார்களா? சொன்னார்கள் என்றால் பாதிக்குப் பாதி. அடுத்த வருஷம் பேர் சொல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் 4,500 வரை போனால் முழுக்கக் காணிக்கை, நானே வந்து வணங்கிவிட்டுப் போகிறேன். ஏலம் கெட்டது என்று சொல்ல எனக்கு மனசு வராது தம்பி. கத்தரிக்காயை நூறுக்கும் இருநூறுக்கும் ஏற்றிவிட்டு, எதிர்வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கிற அந்தச் சிரிப்பில் ஒரு பாவமும் இல்லை. ஃபீஸ் விஷயத்தை அப்பாவிடம் தனியாகப் பேசுங்கள். பூசணிக்காயை என்ன செய்தீர்கள்? எழுதவே இல்லையே.

*

கேள்வி: பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரில் ஒருவனாக என்னைப் பங்குத்தந்தை தேர்ந்தெடுத்திருக்கிறார். சர்க்கரை நோயாளி நான். காலெல்லாம் வெடிப்பு, நகம் கறுத்திருக்கிறது. எல்லாரும் பார்க்கக் காலை நீட்ட வெட்கமாக இருக்கிறது. வேறு ஆளைப் போடச் சொல்லலாமா?
(திண்டுக்கல் வாசகர்)

பதில்: ஐயா, நான் சி.எஸ்.ஐ.காரி (தென்னிந்தியத் திருச்சபை), உங்கள் கத்தோலிக்கச் சடங்குக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது. ஆனால் கால் என்று வந்துவிட்டதால் விட முடியவில்லை.

இயேசு சீஷர்களின் காலைக் கழுவ வந்தபோது, "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொன்னார், ஞாபகம் இருக்கிறதா? அதைத் தாழ்மை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வார்டில் வேலை பார்த்துப் பார்த்துத்தான் புரிந்தது. பெரிய மனிதர்களைப் படுக்கையில் வைத்துத் துடைத்துவிடப் போனால் எத்தனை பேர் கையைத் தட்டிவிடுவார்கள் தெரியுமா? தாசில்தாராக இருந்தவர், தலைமையாசிரியராக இருந்தவர், ஊருக்கே சோறு போட்டவர். அடுத்தவருக்குச் செய்வது அவர்களுக்குச் சுலபமாக வந்தது. அடுத்தவர் கையில் தன் உடம்பைக் கொடுப்பதுதான் வரவில்லை. ஒரு பெரியவர் நான்கு நாள் என்னைத் தொடவே விடவில்லை. ஐந்தாம் நாள் முதுகைத் திருப்பிக்கொண்டு, "சரி தாயி, செய்" என்றார். அந்த "சரி தாயி"க்கு முன்னால் என் தாழ்மை ஒன்றுமே இல்லை. கழுவுகிறவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். காலை நீட்டுகிறவர் செய்வது அதைவிடக் கஷ்டம். ஆகவே போங்கள்.

பலர் வியாழக்கிழமைக்கு முன்னால் பார்லருக்குப் போய்க் காலைத் தேய்த்து, பவுடர் போட்டுக்கொண்டு வருவதாகக் கேள்வி. கழுவின காலைக் கழுவ ஆண்டவர் எதற்கு? இருக்கிற காலோடு போங்கள்.

இனி நர்ஸ் பேசுகிறேன், கவனமாகக் கேளுங்கள். சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி மெல்லப் போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது, தண்ணீர் கொதித்தாலும் தெரியாது. வெந்நீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள், அல்லது வீட்டுக்காரம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். தினமும் ராத்திரி ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். விரல் இடுக்கை ஈரம் இல்லாமல் துடையுங்கள். வெடிப்புக்கு எண்ணெய் தடவலாம், இடுக்கில் தடவக் கூடாது. வீட்டுக்குள்ளும் செருப்பு. நகம் கறுத்தது என்கிறீர்களே, அதை வியாழக்கிழமைக்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள். அதில் வெட்கம் வேண்டாம். வலி இல்லை என்பதால் நல்லது என்று நினைத்தவர்களின் கால்களைத்தான் நான் அதிகம் கட்டுப் போட்டிருக்கிறேன்.

அப்புறம், உங்கள் பங்கில் பன்னிரண்டு பேரும் ஆண்களா? 2016-இலேயே பெண்களையும் சேர்க்கலாம் என்று போப் பிரான்சிஸ் விதியை மாற்றிவிட்டார். உங்கள் பங்குத்தந்தைக்குத் தெரிந்திருக்கும். சும்மா ஞாபகப்படுத்துங்கள்.

*

கேள்வி: நாங்கள் வாலிபர் சங்கத்திலிருந்து மாதம் ஒரு ஞாயிறு பெரியாஸ்பத்திரிக்குப் போய் பன், பால் பாக்கெட் கொடுக்கிறோம். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம், மற்றவர்களுக்கு ஊக்கமாக இருக்கும் என்று. போன தடவை ஒரு அம்மா சேலையால் முகத்தை மூடிக்கொண்டு பன்னை வாங்கினார். அதிலிருந்து எங்களுக்குள் சண்டை. போட்டோ எடுக்கலாமா, கூடாதா?
(வாலிபர் சங்கச் செயலாளர், மதுரை)

பதில்: உங்கள் கேள்விக்கு அந்த அம்மா பதில் சொல்லிவிட்டாரே. நான் எதற்கு?

போட்டோவை விடுங்கள். எனக்குப் பன் மேல்தான் கோபம். சர்க்கரை நோய் வார்டில் இனிப்புப் பன் கொடுத்துவிட்டு நீங்கள் ஸ்தோத்திரம் சொல்லிப் போய்விடுவீர்கள். சாயங்காலம் சர்க்கரை 300-ஐத் தாண்டினால் டியூட்டி நர்ஸ் ஓடுவாள். ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருக்கிறவர் கையில் பால் பாக்கெட்டைத் திணித்துவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். கொடுக்கும் முன் வார்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். "சிஸ்டர், இங்கே என்ன தேவை?" அந்த ஒரு கேள்வியை முப்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? துணைக்கு ஆள் இல்லாத நோயாளி ஒருவர் எப்போதும் இருப்பார். ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஆள் வேண்டும், மாத்திரை வாங்க வரிசையில் நிற்க ஆள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எந்த அறை என்று காட்ட ஆள் வேண்டும். ராத்திரி முழுக்க விழித்திருந்த மகளை, "நான் ரெண்டு மணி நேரம் பார்த்துக்கிறேன், நீ போய்க் குளிச்சுட்டு வா" என்று அனுப்ப ஆள் வேண்டும். இதையெல்லாம் போட்டோ எடுக்க முடியாது. வரிசையில் நிற்கிறவனுக்கும் சேவை செய்கிறவனுக்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

ரத்தம் கொடுங்கள். 18 வயது ஆகி, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் போதும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. சங்கத்தில் முப்பது பேர் இருந்தால் ஒரு அட்டவணை போட்டு வருஷம் முழுக்கக் கொடுக்கலாம். யாருக்குப் போனது என்று உங்களுக்கும் தெரியாது, யார் கொடுத்தது என்று அவருக்கும் தெரியாது. வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்றாரே, அதை நிறைவேற்ற இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. ஊசி குத்தின இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொள்ள மட்டும் இடது கை வேண்டும்.

நம் ஊரிலேயே பாருங்கள். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன கை அவருக்கு. அந்தக் கையை வைத்தே கண் ஆபரேஷன் கற்றுக்கொண்டு, காசு இல்லாதவர்களுக்கும் பார்வை கொடுத்தார். அவர் அரவிந்தரைப் பின்பற்றியவர், நம் கோயில்காரர் இல்லை. பரவாயில்லை, இயேசு சொன்ன கதையில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவிட்ட நல்ல சமாரியனும் நம் கோயில்காரன் இல்லை. சித்திரைத் திருவிழாவில் தல்லாகுளம் முதல் ஆற்றங்கரை வரை நீர்மோர்ப் பந்தல் போடுகிறார்களே, குடித்துவிட்டு நகர்கிறவனுக்குக் கொடுத்தவன் முகம் ஞாபகம் இருக்குமா? ஒரு கலசம் தண்ணீர் என்று வேதம் சொல்வதை நான் அங்கேதான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

*

கேள்வி: எங்கள் ஊர் சபையில் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறோம். ஆனால் கல்யாணம், கேதம் என்றால் இன்னும் இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. "பழசை மன்னிச்சு எல்லாரும் ஒண்ணா இருக்கணும்" என்று மேல்தெருப் பெரியவர் ஒருவர் கூட்டத்தில் பேசினார். எங்கள் தெருவில் யாரும் கை தட்டவில்லை. நாங்கள் மன்னிக்கத் தெரியாதவர்களா?
(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: இல்லை. அவர் ஆளை மாற்றிச் சொல்லியிருக்கிறார். கடன் கொடுத்தவர் தள்ளுபடி செய்யலாம். வாங்கியவர் மேடையேறி "தள்ளுபடி செய்யுங்கள்" என்று பேசுவது எந்த ஊர் வழக்கம்? வேதத்தில் வருகிற வரி வசூல்காரன் சகேயு என்ன செய்தான்? கூட்டம் போட்டு மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்றான். லூக்கா 19.

இது இங்கே புதுப் பிரச்சினையும் இல்லை. 1847-இல் மதுரை அமெரிக்க மிஷன், சபையில் இருக்க வேண்டுமானால் சாதி பாராமல் சமைத்ததைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று கண்டிப்பு வைத்தது. பலர் சாப்பிட மறுத்தார்கள், உபதேசிமார் உட்பட. ஜெபம் சொல்லத் தயார், சோறு தின்னத் தயாரில்லை. அன்றைக்கே வாதம் சோற்றில்தான் நின்றது, பாருங்கள். நம் சி.எஸ்.ஐ. ஆராதனையில் திருவிருந்துக்கு முன் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குச் சமாதானம் கொடுக்கிறோம். பீடத்திலிருந்து கடைசி வரிசை வரை கை கையாக வர வேண்டும் அது. உங்கள் கோயிலில் அது எந்த வரிசையில் நிற்கிறது என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.

அந்தப் பெரியவருக்கு ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கேதத்துக்கு உங்கள் தெருவுக்கு வந்து, யாரும் கூப்பிடும் முன் பந்தியில் உட்காரட்டும். பேச வேண்டாம்.

*

கேள்வி: மாதா மாதம் மன்னிப்பு, தாழ்மை என்று எழுதுகிறீர்கள். நீங்கள் யாரையாவது மன்னித்திருக்கிறீர்களா, இல்லை வெறும் உபதேசம்தானா?
(வில்லாபுரம் வாசகர், கையெழுத்து இல்லை)

பதில்: கோபமாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

1979. வேலைக்குச் சேர்ந்த புதிது. அப்போதெல்லாம் ஊசி கண்ணாடி. ராத்திரி டியூட்டியில் ஸ்டெரிலைசரில் போட்டுக் கொதிக்கவிட்டு எடுக்க வேண்டும். எனக்கு மேல் ஒரு சீனியர் நர்ஸ். "நீ அந்தப் பக்கம் பேஷண்டைப் பாரு, இதை நான் பார்த்துக்கிறேன்" என்றார். தண்ணீர் வற்றியது, அவர் தூங்கிவிட்டார். விடிகாலை மூன்று மணிக்குப் படார் படார் என்று சத்தம். இருபத்துநான்கு சிரிஞ்சும் போயிற்று. காலையில் மேட்ரன் வந்தபோது அவர் என்னைக் காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை, பயம். மாதம் 40 ரூபாய் வீதம் மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். அதுகூடப் போகட்டும். 'ஊசி உடைச்ச பொண்ணு' என்ற பேர் எனக்கு ஆறேழு வருஷம் இருந்தது. கேன்டீன்காரர் வரைக்கும். பிடித்த சம்பளச் சீட்டு மூன்றையும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்தேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

2003-இல் அவருக்கு வாதம் வந்து, நான் பொறுப்பாக இருந்த வார்டுக்கே கொண்டுவந்தார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது. நானே துடைத்துவிட்டேன். ஜூனியர் பிள்ளைகள் நான்கு பேரைச் சுற்றி நிற்க வைத்துக்கொண்டு, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே. முகம், கை, முதுகு, கால். என் மனசுக்குள் பாட்டே ஓடியது, 'பார், உனக்கு நான் செய்கிறேன்' என்று. அவர் குழறலாகச் சொன்ன ஒரே வார்த்தை: "தண்ணி சூடு பத்தல."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சூடு பத்தவில்லை என்பது உண்மை. நான் என் நல்ல மனசையே பார்த்துக்கொண்டிருந்ததில் தண்ணீரைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. அந்த நான்கு பிள்ளைகளும் எதற்கு? சாட்சிக்கு. மறுநாளிலிருந்து யாரையும் கூட்டாமல் போனேன். சூடு பார்த்துச் செய்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் பேச்சு ஓரளவு தெளிந்தது. ஒரு மத்தியானம் கட்டில் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "அக்கா, அன்னிக்குத் தண்ணி வத்தினது உங்களால. நீங்க தூங்கிட்டீங்க. பேர் எனக்கு வந்துச்சு, 120 ரூபாயும் எனக்குப் போச்சு" என்றேன். ஒத்திகை பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்கு ஞாபகமே இல்லையேம்மா" என்றார். நடிப்பில்லை. முப்பத்தைந்து வருஷம் மனுஷ முகங்களைப் பார்த்தவளுக்கு அது தெரியும். இருபத்துநான்கு வருஷம் நான் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த கடன் அவர் கணக்கிலேயே இல்லை.

மன்னித்தேனா என்று கேட்டால், அந்த நிமிஷம் இல்லை. எரிச்சல்தான் வந்தது. எப்போது போயிற்று என்று தேதி தெரியவில்லை. அதற்கப்புறம் கவரை ஏதோ அவசரத்துக்கு எடுத்துச் சீட்டுகளை வெளியே கொட்டியிருக்கிறேன். இப்போது அதில் கேஸ் ரசீதுகள் இருக்கின்றன.

2016-இல் அவர் இறந்தார். கேதத்துக்குப் போனேன். வாசலில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அம்மா உங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாங்க. 'ஊசி உடைச்ச பொண்ணு, ஆனா என்னை எப்படிப் பாத்துக்கிட்டா தெரியுமா'ன்னு. அது நீங்கதானே?"

"ஆமாம்மா, நான்தான்" என்றேன்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, காபி போட்டுக் குடித்தேன்.